நண்டு கோணலாக வெட்டிய நகம்

நண்டு நேராக நடந்துகொண்டிருந்த காலம் அது. நேர் என்றால் அப்படியொரு நேர். வரப்பின்மேல் அது வந்தால் நூல் பிடித்து இழுத்த மாதிரி இருக்கும். ஆடு, மாடு, தவளை, நண்டு எல்லாமே அப்போது மனிதர்களோடு வாய்விட்டுப் பேசின. மனிதர்களும் அதுகளை அண்ணன், தம்பி, மாமன் என்று முறை வைத்துக் கூப்பிட்டார்கள். தவளை மழைக்குக் குறி சொல்லிப் பிழைத்தது. நண்டுக்கு வாய்த்த தொழில் கால் நகம் வெட்டுவது.

அது சேற்று ஊர். விடிந்தால் எல்லோருக்கும் வயல்தான், முழங்கால் மட்டும் சேறுதான். நகத்துக்கு அடியில் மண் ஏறும், இடுக்கில் ஈரம் தங்கும், கொஞ்சம் அசந்தால் நகம் மஞ்சளாய்த் தடித்துப் பெயர்ந்து வரும். அதனால் வாய்க்கால் படித்துறையில் ஒரு தட்டைக் கல்லின்மேல் நண்டு உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்து வருகிறவர்கள் வரிசையாகக் காலை நீட்டுவார்கள்.

"கழுவினியா?" என்று கேட்கும்.

"கழுவிட்டேண்ணே."

"விரலிடுக்கத் துடைச்சியா?"

"காத்துல காஞ்சிடும்ணே."

"காத்து என்ன உன் மாமனா, வந்து துடைச்சி விடறதுக்கு? போ, முந்தானையால ஒத்தி எடுத்துட்டு வா."

துடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் கொடுக்கைத் தூக்கும். தூக்கினால் ஒரே நறுக்கு, நெற்றியில் பட்டை போட்ட மாதிரி நேராக. சதையோரம் போகாது. மூலை இரண்டையும் அப்படியே விட்டுவிடும். "கை நகத்த உன் இஷ்டத்துக்கு வளைச்சுக்க. கால் நகம் உன்ன சுமக்குற நகம். அத வளைச்சா அது உன்ன வளைச்சிடும்" என்று சொல்லும். கடைசியில் ஒரு சொட்டு வேப்பெண்ணெய். கூலி, ஒரு கைப்பிடிச் சோறு. பொழுது சாய்ந்துவிட்டால் மட்டும் யார் வந்து கெஞ்சினாலும் கொடுக்கை மடக்கிக்கொள்ளும். "விளக்கு வச்சதுக்கப்புறம் எனக்கு நகமும் சதையும் ஒண்ணாத் தெரியும். நாளைக்கி வா."

அந்த ஊரில் பவுனு என்று ஒரு இளந்தாய். அவள் புருஷன் கலியன். கலியனுக்கு ஒரு அண்ணன். அந்த அண்ணனின் பெண்டாட்டி சிலம்பாயி. எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. சிலம்பாயிக்குப் பிள்ளை இல்லை. பவுனுவுக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்திருந்தது. தலைச்சன் பேற்றுக்குத் தாய்வீடு போவதுதான் முறை. ஆனால் அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம், பரிசல் போகவில்லை. ஆகவே வலி கண்டதும் பெற்றதும் எல்லாம் இந்த வீட்டில்தான், சிலம்பாயியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

பவுனு பயந்த சுபாவம். பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. தூங்குகிற பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். வருகிறது என்று தெரிந்தால், ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று பயப்படுவாள். தூக்கிக்கொண்டு நடந்தால் வேகவேகமாக நடப்பாள், நடுவில் நின்றுவிடுவாள், திரும்பவும் ஓடுவாள். பிள்ளை அலறும்.

"கொண்டாடி இப்படி" என்று சிலம்பாயி வாங்கிக்கொள்வாள். தோளில் சாய்த்துக்கொண்டு அந்த நீளக் கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடப்பாள். சாணி மெழுகின தரையில் அவள் காலடி தொப், தொப் என்று விழும், அவசரமில்லாமல், ஒன்றைப்போல் இன்னொன்று. பிள்ளை ஒரு விக்கல் விக்கும், அப்புறம் கண்ணை மூடிவிடும்.

முதலில் பவுனுவுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த நிம்மதிக்குள் ஒரு முள் முளைத்தது. சிலம்பாயி கொல்லைப்புறத்திலிருந்து வந்தால் போதும், பால் குடித்துக்கொண்டிருக்கிற பிள்ளை வாயை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும். பெற்றவள் மடியில் இருந்துகொண்டே! பவுனு அந்த முகத்தைத் தன் பக்கம் திருப்புவாள். அது மறுபடியும் சத்தம் வந்த பக்கமே திரும்பும்.

'நான் பெத்தேன், நான் கத்தினேன், நான் கிழிஞ்சேன். இவ வெறுமனே நடந்தா. நடந்ததுக்கே புள்ளையா?' என்று அடுப்பை ஊதிக்கொண்டே நினைப்பாள். சாம்பல் பறந்து கண்ணில் விழும். அதையே சாக்காக வைத்துக் கொஞ்சம் அழுதுகொள்வாள்.

ஊர்ப் பெண்கள் வேறு எரிகிறதில் எண்ணெய் விட்டார்கள். சிலம்பாயிக்குக் கால் அழகு. எத்தனை சேற்றில் நின்றாலும் அவள் நகம் பத்தும் மொச்சைக்கொட்டை உரித்த மாதிரி வெளுப்பாய், வழுவழுப்பாய் இருக்கும். "அந்தக் காலுதான் புள்ளைய மயக்கி வச்சிருக்கு" என்று ஒருத்தி சிரித்தாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். பவுனு அதை வீடுவரை சுமந்துகொண்டு வந்தாள்.

நடவு முடிகிற சமயம். ஒருநாள் மத்தியானம் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பவுனு காலை நீட்டிக்கொண்டு கீரை ஆய்ந்தாள். எதிரே சிலம்பாயி சுவரில் சாய்ந்திருந்தாள். குப்புறக் கிடந்த பிள்ளை திடீரென்று முட்டியை மடக்கிக் கையை ஊன்றியது. முதல் தவழல்! பவுனு கீரையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். "வாடா என் சாமி, வா, வா."

பிள்ளை வந்தது. நேராக வந்தது. பவுனுவின் கால் வரைக்கும் வந்து, ஒரு கட்டையைத் தாண்டுவது போல அதைத் தாண்டி, அந்தப் பக்கம் போய்ச் சிலம்பாயியின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஈறு தெரியச் சிரித்தது.

கலியன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "பாத்தியாடி, ஆத்தாளத் தாண்டிப் பெரியாத்தாகிட்டப் போறத! விவரமான பயதான்."

சிலம்பாயியும் சிரித்தாள். பவுனுவும் சிரித்தாள். அவள் நீட்டின கை மட்டும் மடங்க நேரமாயிற்று.

அன்று பொழுது இறங்குவதற்குள் அவள் படித்துறைக்குப் போனாள். நண்டு கொடுக்கை மணலில் தேய்த்துக்கொண்டிருந்தது.

"நண்டண்ணே, உன் கைத்தொழிலுக்கு இந்த ஊருல மதிப்பே இல்லண்ணே."

"யாரு சொன்னா?"

"எங்கக்கா காலப் பாத்துட்டு ஊரே என்ன சொல்லுது? சிலம்பாயி கால் அழகுங்குது. நண்டு வெட்டின அழகுன்னு ஒரு நாக்கு சொல்லுதா?"

நண்டின் கண்கள் இரண்டும் காம்பின்மேல் விறைத்து நின்றன. அதுவும் ரொம்ப நாளாக அதை உள்ளுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தது. "நேத்து ஒருத்தி வந்து, சிலம்பாயி நகம் மாதிரி வெட்டுண்ணேன்னா. சிலம்பாயி நகத்த யாரு வெட்டினதாம்? அவளே கடிச்சித் துப்பினாளா?"

"அதத்தானே நானும் சொல்றேன். ஒரே ஒரு தடவ வளைச்சி வெட்டு. மூலையத் தோண்டி விட்டுடு. அப்பத்தான் ஊருக்குத் தெரியும், அழகு அவ காலுல இல்ல, உன் கொடுக்குல இருந்துச்சின்னு."

நண்டு பின்வாங்கியது. "மூலையத் தோண்டினா நகம் சதைக்குள்ள முளைக்கும், பவுனு. காலு வீங்கிடும். நடக்க மாட்டா."

'நடக்க மாட்டா' என்ற சொல் மட்டும் பவுனுவின் காதுக்குள் இனித்தது.

நண்டு மறுபடியும் கொடுக்கை மணலில் தேய்த்துவிட்டுச் சொன்னது: "பகல்ல என்னால ஆகாது. வெளிச்சத்துல என் கண்ணே என்ன விடாது. விளக்கு வச்சதுக்கப்புறம் கூட்டிக்கிட்டு வா."

மறுநாள் விளக்கு வைத்த கையோடு பவுனு, "அக்கா, நாளைக்கி நடவு முடிஞ்சி கோயிலுக்கு நடக்கணும். நகம் வெட்டிக்கிட்டு வந்துடலாம்" என்றாள்.

"இந்நேரத்துலயா? அண்ணன் கொடுக்கத் தூக்காதே."

"நான் சொல்லி வச்சிருக்கேன்க்கா."

சிலம்பாயி வந்தாள். கழுவி, விரலிடுக்கை ஒத்தி, வலது காலைக் கல்லின்மேல் வைத்தாள். பவுனு இடுப்பில் பிள்ளையோடு, கையில் அகல் விளக்கோடு நின்றாள். நண்டு கட்டைவிரலைப் பிடித்தது. அத்தனை வருஷமும் அந்த விரலை நேராகப் பார்த்து வெட்டின கண்களை இப்போது ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டது. திருப்பிக்கொண்டே கொடுக்கை வளைத்துச் சதையோரத்தில் இறக்கியது.

"ஸ்... என்னண்ணே, மூலையத் தோண்டுற?"

"புது மாதிரி. பிறை மாதிரி வரும். அழகா இருக்கும்."

சிலம்பாயி நண்டைப் பார்த்தாள். அது எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. பவுனுவைப் பார்த்தாள். பவுனு விளக்கைப் பார்த்தாள்.

"இது போதும். இடது காலு இன்னொரு நாளைக்கி ஆகட்டும்" என்று சிலம்பாயி காலை எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு நண்டு கல்லைவிட்டு இறங்கி வீட்டுக்குக் கிளம்பியது. முன்னால் ஒரு அடி வைத்தது. கால் முன்னால் போகவில்லை, பக்கத்தில் போயிற்று. கல் வழுக்குகிறது என்று நினைத்து மறுபடியும் வைத்தது. மறுபடியும் பக்கத்தில். கண் எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அந்தப் பக்கமே உடம்பும் இழுத்துக்கொண்டு போயிற்று. வீட்டை எதிரே வைத்துக்கொண்டு, விடிகிறவரை அது படித்துறையின் குறுக்கே இப்படியும் அப்படியும் அலைந்தது.

நகம் வளர வளர அதன் மூலை சதைக்குள் இறங்கியது. வலியோடு சிலம்பாயி சேற்றில் இறங்கிக் களை பறித்தாள். விரல் சிவந்தது, பளபளவென்று வீங்கியது, சீழ் கோத்தது. கடைசியில் காலைத் தரையில் ஊன்ற முடியாமல், நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்து அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டு கூடத்து மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது பிள்ளை பவுனுவுக்கு மட்டும்தான்.

ஒரு பொழுது, ஒரே ஒரு பொழுது, அவளுக்கு ராணி மாதிரி இருந்தது. பிள்ளையைத் தானே குளிப்பாட்டினாள், தானே தோளில் போட்டுக்கொண்டாள், தானே நடந்தாள். பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. எதற்கோ காத்திருந்தது. அது வரவில்லை. அப்புறம் அழ ஆரம்பித்தது.

அந்த அழுகை நிற்கவே இல்லை. பால் வைத்தால் தள்ளிவிட்டது. தூளியில் போட்டால் விறைத்துக்கொண்டது. கொஞ்சம் அசந்தால் தவழ்ந்து போய் அந்த வீங்கின காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. "புண்ணுல கை வைக்கப் போற" என்று பவுனு இழுத்துக்கொண்டு வந்தாள். நாலைந்து நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. உச்சிக்குழி பள்ளமாயிற்று, உடம்பு அனலாய்க் கொதித்தது. பவுனு மூக்குக்குக் கீழே விரல் வைத்தால், இப்போது உண்மையிலேயே மூச்சு படபடவென்று அடித்தது. அவளும் தூங்கவில்லை. கண்ணை மூடினால் வீடு வெறிச்சென்று இருந்தது.

"கொண்டாடி" என்றாள் சிலம்பாயி.

"நீங்க எப்படிக்கா..."

"கொண்டான்னா கொண்டா."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிள்ளையைத் தோளில் வாங்கிக்கொண்டு நடந்தாள். தொப் என்று ஒரு கால் விழுந்தது, இன்னொன்று இழுபட்டது. தொப், சர். தொப், சர். பிள்ளை தலையைத் தூக்கிக் கேட்டது. இது அந்தச் சத்தம் இல்லை. முகம் கோணிக்கொண்டு முன்னைவிட வீறிட்டு அழுதது.

சிலம்பாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. "கால் போனாப் போவுதுடி. புள்ளைக்கு என் காலடி தெரியாமப் போச்சே."

பவுனுவுக்குத் தாங்கவில்லை. இத்தனை நடந்த பிறகும் அந்த முள் உள்ளே குத்தியது. "அப்படி என்னக்கா இருக்கு உங்க காலடில? நானுந்தானே நடக்குறேன்? பெத்தவ நானுந்தானே?"

சிலம்பாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "மறந்துட்டியா? வயித்துப்புள்ளயோட வெள்ளத்தால இங்கயே மாட்டிக்கிட்டு, அம்மா வேணும் அம்மா வேணும்னு கண்ணத் தொறந்துக்கிட்டே கிடந்தியே. நீங்க பக்கத்துல நடந்துக்கிட்டே இருங்கக்கா, அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கண்ணு சொருகுதுன்னு யாரு சொன்னது? உனக்காகத்தான் நடந்தேன். உள்ள இருந்து அதுவும் கேட்டிருக்கும். தொப்புன்னு என் காலடி கேட்டா உன் நெஞ்சுப் படபடப்பு அடங்கும்னு அது உன் வயித்துக்குள்ளயே படிச்சிக்கிச்சி. அது என்னத் தேடலடி. பயமில்லாத உன்னத் தேடுது."

வெறிச்சென்று இருந்த வீடு ஏன் அப்படி இருந்தது என்று பவுனுவுக்கு இப்போதுதான் புரிந்தது. பிள்ளை மட்டுமல்ல, அவளும் இத்தனை நாளாய் அந்தக் காலடிக்குத்தான் தூங்கியிருக்கிறாள்.

பிள்ளையைச் சிலம்பாயி மடியில் போட்டுவிட்டுப் படித்துறைக்கு ஓடினாள். கல் காலியாக இருந்தது. வரப்போரத்தில் ஒரு வளை. வளைக்குள் இரண்டு கண்கள்.

"நண்டண்ணே, வந்து சரி பண்ணு."

"முடியாதும்மா. இன்னொரு தடவ வெட்டினா இன்னும் ஆழமா இறங்கும்." நண்டு வெளியே வந்து ஒரு பக்கமாக நகர்ந்து காட்டியது. "என் நடையப் பாத்தியா? நேரா நடக்க முடியாத நான் எப்படி நேரா வெட்டறது?"

"அப்ப என்னதான் வழி?"

"வெட்டக்கூடாது, வளரவிடணும். வெந்நீருல உப்புப் போட்டுக் கால ஊற வை. விரலிடுக்குல பொட்டு ஈரம் இல்லாமத் துடை. சதை எளகினதும் நகத்தோட மூலைய லேசாத் தூக்கி, அடியில ஒரு துளி பஞ்சு வை. தினம் புதுப் பஞ்சு. மூலை சதையத் தாண்டி வெளியே வர்ற வரைக்கும் அவ சேத்துல இறங்கக் கூடாது. சீழ் கூடிக் காலுக்கு மேல சிவப்பு ஏறினா நீயே வச்சிப் பாத்துக்கிட்டு இருக்காத, வைத்தியர்கிட்டத் தூக்கிக்கிட்டு ஓடு."

"எத்தன நாள் ஆகும்?"

"கை நகம் இல்லம்மா இது. கால் நகம் அவசரப்படாது. நட்ட நாத்து கதிராகுற வரைக்கும் ஆகும்."

பவுனு வீட்டுக்கு வந்து அண்டாவை அடுப்பில் ஏற்றினாள்.

முதல் நாள் அந்தக் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். ஊர் புகழ்ந்த கால். தன் பிள்ளை தன்னைத் தாண்டிப் போய்ப் பிடித்த விரல். இப்போது பழுத்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. உப்பு வெந்நீரில் முக்கினாள், ஒத்தி எடுத்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலையைத் தூக்கிப் பஞ்சை வைத்தாள். சிலம்பாயி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிலம்பாயியின் மூச்சோடு சேர்ந்து பவுனுவின் மூச்சும் மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. பக்கத்தில் கிடந்த பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பவுனு அதைத் தோளில் எடுத்துக்கொண்டு கூடத்தில் நடந்தாள். சிலம்பாயி உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்ளங்கையால் தரையில் தட்டிக்கொடுத்தாள், தொப், தொப் என்று. அந்தத் தட்டுக்குக் காலடியை வைக்க வைக்கப் பவுனுவின் நடை நேரானது. பிள்ளை ஒரு விக்கல் விக்கியது. பால் தேடியது. குடித்துவிட்டுத் தூங்கியது.

பிறகு தினமும் அதுதான். நாற்று பச்சை கட்டியது, கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டியது. சீழ் வற்றியது, வீக்கம் இறங்கியது. நகம் மட்டும் தன் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது.

ஒருநாள் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கும்போது பவுனு தலையைத் தூக்காமலே, "அக்கா, அன்னிக்கி..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்டி. நான்தான் அடுத்த கால நீட்டலையே."

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா புள்ளையத் தூக்கிக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிருப்ப. ஆத்துல தண்ணி வத்திடுச்சி, பரிசல் போவுது. அப்புறம் நான் யாருக்கு நடக்குறது?" பிறகு சிலம்பாயி சன்னமாகச் சொன்னாள்: "உனக்கு மட்டுந்தான் எரியும்னு நெனச்சியா? அது என் தோளுல தூங்கிக்கிட்டே உன் மாரைத் தேடும் பாரு, அப்பல்லாம் இங்க எனக்கு என்னமா எரியும் தெரியுமா."

பவுனு அந்தக் காலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "கூசுதுடி, விடு" என்று சிலம்பாயி சிரித்தாள்.

கதிர் முற்றியபோது நகத்தின் மூலை சதையைத் தாண்டி வெளியே வந்தது. அதைப் பவுனுவே வெட்டினாள், நல்ல பகல் வெளிச்சத்தில், முற்றத்தில் உட்கார வைத்து, நெற்றிப் பட்டை மாதிரி நேராக, மூலை இரண்டையும் அப்படியே விட்டு. சிலம்பாயி எழுந்து நின்று ஒரு அடி வைத்தாள். தொப். அந்தச் சத்தம் கேட்டுப் பிள்ளை பவுனுவின் புடவையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அதுவும் ஒரு அடி எடுத்து வைத்தது. இவளிடமா, அவளிடமா என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு பேருமே அதன் கால் நகம் சரியாக இருக்கிறதா என்றுதான் குனிந்து பார்த்தார்கள்.

நண்டு அதற்கப்புறம் படித்துறைக் கல்லில் ஏறவில்லை, வாயும் திறக்கவில்லை. வரப்பில் யாராவது வந்தால் அது பக்கவாட்டிலேயே ஓடி வளைக்குள் புகுந்துகொள்கிறதே, பயத்தினால் அல்ல. மனிதர் காலை நேருக்கு நேர் பார்க்கக் கூசித்தான். பொழுது சாய்ந்த பிறகு நகம் வெட்ட உட்கார்ந்தால் எந்த வீட்டிலும் ஒருத்தி வந்து, "விளக்கு வச்சாச்சு, வை கீழ" என்று நகவெட்டியைப் பிடுங்கிக்கொள்வதும், பிள்ளையின் கால் நகத்தை நேராக வெட்டி முடித்து விரலிடுக்கை ஒத்தியெடுத்த பிறகுதான் தாய்மார் கீழே இறக்கி விடுவதும், பவுனு சிலம்பாயியின் காலை மடியில் ஏந்திய நாளிலிருந்து வந்த பழக்கம்தான்.